துரை செத்த படகில் எங்கள் பிழைப்பு

பழைய பாய்ப்படகை வாங்கி, ஓட்டையை அடைத்து, அதில் ஊராரை ஏற்றிக் காற்று வாங்கக் கூட்டிப்போய்ப் பிழைப்பது என்பது, காற்றிடமும் தண்ணீரிடமும் ஒரே நேரத்தில் கைகட்டி நிற்கிற உத்தியோகம். பழைய சைக்கிளோ பழைய கடிகாரமோ வாங்கி, அதைப் பழுது பார்த்தே பாதி ஆயுசைத் தீர்த்த அன்பர்கள் யாராவது இதைப் படித்தால் என் கஷ்டம் புரியும். ஆனால் உங்கள் சைக்கிள் நின்றுபோனால் நீங்கள் இறங்கி நடக்கலாம். எங்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

என் பெயர் ஏகாம்பரம். ராயபுரத்துக்காரன். துறைமுகத்தை ஒட்டி இருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் பட்டறையில் தச்சு வேலை பார்த்தேன். கப்பல் வரத்து குறைந்துபோன அந்தக் கெட்ட வருஷங்களில் பட்டறையில் பாதிப் பேரை வெளியே அனுப்பினார்கள். என்னோடு வெளியே வந்தவர் தண்டையார்பேட்டை காதர். கப்பல் பாய்களும் கூடாரத் துணியும் வெட்டித் தருகிற பிரிவில் இருந்தவர். 'பாய் வெட்டுற பாய்' என்று பட்டறையில் கேலி செய்வார்கள். எனக்கு மரம் தெரியும், அவருக்குத் துணி தெரியும், இரண்டும் சேர்ந்தால் படகு என்று ஒருநாள் எங்களுக்குத் தோன்றியது. வேறு வேலை கிடைத்திருந்தால் தோன்றியிருக்காது.

தானாகக் கரை வந்தது

எண்ணூரில் கடலைத் தொடும் உப்பங்கழியோரமாக வெள்ளைக்காரர்கள் காற்று வாங்குவதற்கென்று கட்டிய பங்களாக்கள் சில இருந்தன. அவற்றில் ஒன்றில் குடியிருந்த துரை இறந்துபோய், சாமான்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் காதரும் ரயிலேறிப் போனோம். நாற்காலி, கட்டில், கண்ணாடி எல்லாவற்றுக்கும் ஆள் வந்திருந்தது. பின்பக்கம் கழியோரம் பச்சைப் பெயின்ட் அடித்த சின்னப் பாய்ப்படகு ஒன்று கிடந்தது. அதன் பக்கம் ஒருவரும் போகவில்லை. நாங்கள் கேட்ட விலைக்கே பட்லர் அந்தோணி தலையாட்டிவிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கைமாறிய பிறகுதான் அந்தோணி விஷயத்தைச் சொன்னார். துரை தினமும் சாயங்காலம் தனியாகப் படகில் போய்வருவாராம். அன்றைக்கும் போனார். இருட்டுவதற்கு முன்னால் படகு மெதுவாகத் திரும்பி வந்து, வழக்கமான இடத்தில் மணலில் ஏறி நின்றது. துரை சுக்கானைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தோணி தேநீர்க் கோப்பையோடு போய் நின்று, துரை ஏதோ யோசனையில் இருக்கிறார் என்று நினைத்துக் காத்திருந்தார். தேநீர் ஆறிப்போன பிறகுதான் தோளைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

காதர் முகம் வெளுத்துப்போய், பேரத்தை முறித்துக்கொள்ளலாமா என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தோணிக்கு அது புரிந்துவிட்டது. படகின் விலாவில் தட்டிக்கொடுத்தபடி அவர் சொன்னார்: "இன்னாத்துக்குப்பா பயப்படறீங்க? செத்தது துரைதானே, படகு இல்லியே! ஓட்டறவன் இல்லாமலே வூடு வந்து சேந்திச்சு பாரு, அதாம்பா நல்ல படகு."

பச்சைப் பெயின்டுக்குக் கீழே

கழியோரம் ஓலைக் கொட்டகை ஒன்று போட்டுப் படகைக் கவிழ்த்தோம். மேலே பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது. உளியின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனேன். முன்பக்கம் கணீரென்றது, நடுவில் டொக்கென்றது, பின்பக்கம் சத்தமே வரவில்லை. உளியைத் திருப்பி லேசாக அழுத்தினேன். கனிந்த பழத்தில் இறங்குவது மாதிரி பிடிவரை இறங்கிவிட்டது. யாரோ முன்பு ரிப்பேர் செய்தவன் தாமிர ஆணி அடிக்கவேண்டிய இடத்தில் இரும்பு ஆணி அடித்துவைத்திருந்தான். உப்புத்தண்ணீரில் அதெல்லாம் துருவாகி, சுற்றியிருந்த மரத்தையும் தின்றுவிட்டிருந்தது. பழைய படகு வாங்கிய அன்பர்களே, இந்த இடத்தில் நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உடைத்த கப்பல்களின் பலகை விற்கிற இடத்தில் தேக்குப் பலகை தேடினேன். அழுகியதை அறுத்து எடுத்துப் புதியதை வளைத்துப் பொருத்தினேன். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரியைத் திணித்துச் சுத்தியலால் அடித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சி ஊற்றினேன். இதைக் கலப்பத்து அடிப்பது என்போம். காதர் பழைய பாயை மணலில் விரித்துப் பார்த்தார். எலி தின்ற இடமும் பூஞ்சை தின்ற இடமும் போக, கைக்குட்டைக்குத்தான் துணி மிச்சம் இருந்தது. புதுத் துணியை வெட்டி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். பத்துப் பதினைந்து நாளில் தைத்த பாயோடு வந்தார். தையல் எறும்பு வரிசை மாதிரி அவ்வளவு நேராக இருந்தது. நான் மெச்சியபோது சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார்.

வேலை முடிந்த அன்று, துரையின் படகில் எது மிச்சம் என்று இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். சுக்கானும் பாய்மரமும் முன்பக்கப் பலகை சிலதும்தான். காதர் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஆசாரி, நாம படகு வாங்கல. படகு மாதிரி ஒரு பள்ளம் வாங்கி அதுக்குள்ள படகு கட்டிகீறோம்."

ஊறாத பலகை

தண்ணீரில் இறக்கிய முதல்நாள் கொட்டகைப் பக்கத்துக் குப்பத்து ஜனங்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். காய்ந்த பலகை ஊறி உப்பி, இடுக்குகள் தானாக மூடிக்கொள்வதற்கு இரண்டொரு நாள் ஆகும். அதுவரை படகைக் கரையோரம் கட்டித் தண்ணீரில் போட்டுவைப்பதுதான் முறை. இது எனக்குத் தெரியும், காதருக்கும் தெரியும். ஆனால் அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கட்டிவைக்க மனசு வரவில்லை. பாயை ஏற்றிவிட்டோம்.

கடல்காற்று பாயில் அடித்ததும் படகு ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு கிளம்பியது. அந்தச் சந்தோஷம் கழியின் பாதிதூரம் வரை இருந்தது. அப்புறம் என் கணுக்கால் நனைந்தது. காதர் டப்பாவால் தண்ணீரை இறைத்தார், நான் என் மேல்துண்டை எங்கே அடைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இறைக்க இறைக்க முழங்கால் வந்தது. காதருக்கு நீச்சல் தெரியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அவர் கடைசி நேரத்துக் கலிமாவைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

நல்லவேளையாக, கட்டுமரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துத் துடுப்புப் போட்டு வந்தார். கயிற்றை வாங்கிக் கட்டி எங்களைக் கரைக்கு இழுத்துக்கொண்டு போகிற வழியில், திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இன்னா நைனா, படகு மேல போறதுக்கு வந்தீங்களா, படகு கூடவே போறதுக்கு வந்தீங்களா?"

நாகம்மாள் ஏறிய நாள்

என் மனைவி நாகம்மாள் அந்தப் படகின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்றிருந்தாள். அதற்கு முந்தின வருஷம் எங்கள் ஒரே பெண் வாந்திபேதியில் போய்விட்டது. ராயபுரத்தில் எங்கள் சந்தில் அந்தக் கோடையில் பல வீடுகளில் அப்படித்தான். காலையில் தெருவில் விளையாடின பிள்ளை சாயங்காலம் இல்லை. அதற்குப் பிறகு நாகம்மாள் தண்ணீரைக் காய்ச்சாமல் தொடமாட்டாள். அவள் சிரித்து நான் பார்த்ததும் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அதையே பேசுவார்கள், அவள் அதையே கேட்டுக்கொண்டு முகட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

பலகை ஊறிப் படகு சரியான பிறகு, சோறு கொண்டுவந்தவளை ஒரு சாயங்காலம் வற்புறுத்தி ஏற்றினேன். முதலில் இரண்டு கையாலும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். கழியின் நடுவில் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. கரை தூரமாகப் போயிற்று. குப்பத்துச் சத்தம், ரயில் சத்தம் எல்லாம் அடங்கிவிட்டது. பாய் படபடக்கும் சத்தம் மட்டும்தான். அவள் கண்ணைத் திறந்தாள். விலாவில் எழும்பிய தண்ணீர் முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை. தலையை அண்ணாந்து, நான் எத்தனையோ மாசமாகக் கேட்காத ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள்.

இருட்டப்போகிறது, திரும்பலாமா என்று கேட்டேன். அவள் கரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம். இங்க ஒருத்தரும் துக்கம் கேக்க வரமாட்டாங்க இல்ல?"

செட்டியாரின் மௌனம்

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்து ஜனங்கள் ரயிலில் எண்ணூர் வருவார்கள். அவர்கள்தான் எங்களுக்குச் சோறு. யானைக்கவுனியிலிருந்து ஓர் இரும்புக்கடைச் செட்டியார் குடும்பத்தோடு வந்தார். மனைவி, மாமியார், பிள்ளைகள் எல்லாரையும் ஒரே நடையில் ஏற்றவேண்டும் என்றார். இரண்டு நடையாகப் போகலாம் என்று நான் சொன்னதற்கு, படகைப் பற்றி எனக்கே ஒரு பிரசங்கம் செய்தார். வழியெல்லாம் அந்தப் பிரசங்கம் ஓயவில்லை. பாயை இன்னும் இழுத்துக் கட்டு என்றார், குறுக்கே போனால் சீக்கிரம் போகலாம் என்றார். பாரத்தால் படகு தாழ்ந்து, ஆழம் குறைந்த இடத்தில் அடி தட்டி நின்றது. அதே சமயம் காற்றும் விழுந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்த நேரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்களைச் சுற்றிச் சேறாகிவிட்டது.

காதர் இறங்கித் தள்ளிப் பார்த்தார். இடுப்புவரை புதைந்து, கிளிஞ்சல் கிழித்து ரத்தம் வழியும் காலோடு ஏறினார். சித்திரை வெயில். மறுபடி தண்ணீர் ஏறும்வரை அங்கேயே கிடக்கவேண்டியதுதான். கொண்டுவந்த குடிநீர் தீர்ந்தது. சின்னப் பிள்ளை ஒன்று மயங்கிச் சாய்ந்துவிட்டது. பாயை அவிழ்த்து எல்லார் தலைக்கும் மேலே கூரையாகப் பிடித்துக்கொண்டு நானும் காதரும் மாறிமாறி நின்றோம். செட்டியார் தன் தலைப்பாகையை அவிழ்த்து நனைத்து அந்தப் பிள்ளையின் நெற்றியில் போட்டார். அதற்குமேல் அவர் வாயே திறக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் ஏறி, பிள்ளையும் கண் விழித்து, கரை சேர்ந்தோம். எல்லாரும் செத்துப் பிழைத்த களைப்பில் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய மாமியார் அம்மாள் மருமகனைப் பார்த்துச் சொன்னாள்: "மாப்ளே, கண்ணாலம் ஆனதுலர்ந்து நீங்க பேசாம குந்திகினு இருந்து இன்னிக்குத்தான் பாக்குறேன்."

சுக்கான் பிடித்தவள்

புளியந்தோப்பிலிருந்து கோவிந்தன் என்று ஒரு மில் தொழிலாளி தன் மனைவி அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவளும் மில்லில் பஞ்சுக்கு நடுவில் வேலை பார்த்தவள்தான். இப்போது எலும்பும் தோலுமாக இருந்தாள். இருமினால் முந்தானையை வாயில் வைத்து, எடுக்கும்போது மடித்து மறைத்துக்கொள்வாள். அது என்ன நோய் என்று யாரும் சொல்லவேண்டியதில்லை. கடல்காற்று பட்டால் நல்லது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். கூட வந்திருந்த மற்ற குடும்பங்கள் அந்த இருமலைக் கேட்டதும், வேறு நாள் வருகிறோம் என்று நழுவிவிட்டார்கள். காதர் என்னைத் தனியே இழுத்துப்போய், "இத ஏத்தினா நாளைக்கு ஒருத்தனும் ஏறமாட்டான் மாமு. ரெண்டு வூட்டு அடுப்பு அணைஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

சோற்றுத் தூக்கோடு நின்றிருந்த நாகம்மாள் இதைக் கேட்டுவிட்டாள். "என் கொயந்தைக்கு எந்த டாக்டரும் ஒண்ணும் சொல்லல. இவளுக்குக் காத்துன்னாவது சொல்லிகீறாங்க. காத்து உங்க அப்பன் வூட்டு சொத்தா?" என்றாள். காதர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் அவர்கள் வந்துவிட வேண்டும், மற்றவர்கள் வருமுன் ஒரு சுற்று போய்வந்து, பலகையைச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவது. கழுவுகிற வேலையைக் காதர் வேறு யாருக்கும் விடவில்லை.

அஞ்சலை எதையும் கேட்கமாட்டாள். ஒருநாள் மட்டும் சுக்கானைக் கொஞ்சம் பிடித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள். கொடுத்தேன். மெலிந்த கையால் அவள் தள்ள, படகு வளைந்து திரும்பியது. அவளுக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. இன்னொரு தடவை திருப்பினாள், இன்னொரு தடவை. இருமல் வந்தபோதும் கையை எடுக்கவில்லை. கோவிந்தன் போதும் என்றான். அவள் அவனைப் பார்க்காமல், தூரத்தில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "சும்மா இருய்யா. இத்தினி நாளா ரயிலு, மில்லு எல்லாம் என்னை இட்டுகினு போச்சு. இத மட்டுந்தான் நான் இட்டுகினு போறேன்."

காலியான இடம்

ஆடி மாசத்தில் சில வாரங்கள் அவர்கள் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கோவிந்தன் தனியாக வந்தான். மழித்த தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. காதர் வழக்கம்போல அவனைக் கைபிடித்து ஏற்றினார். கோவிந்தன் எப்போதும் உட்காருகிற இடத்திலேயே உட்கார்ந்தான். அஞ்சலை பிடித்த சுக்கானைத் தொட எனக்குக் கை வரவில்லை, காதர் பிடித்தார்.

முகத்துவாரத்தின் மணல்மேடு வரை போனோம். அங்கே அலை உடைவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தானாகவே பேசினான். தாங்கள் பௌத்த சங்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் அந்த முறைப்படியே அடக்கம் செய்ததைச் சொன்னான், மில்லில் ஒருநாள்கூட லீவு தராததைச் சொன்னான். எல்லாம் யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னான். இரவில் நன்றாகத் தூங்கு, உடம்பு கெட்டுவிடும் என்று காதர் சொன்னபோதுதான் அவன் குரல் உடைந்தது: "எப்பிடி பாய் தூங்கறது? இருமல் சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

காதர்

மழைக்காலத்துக்கு முன்னால் படகைக் கரையேற்றி, மிச்சம் இருந்த பழைய முன்பக்கப் பலகைகளை மாற்றிக்கொண்டிருந்தோம். பிடுங்கிப்போட்ட துருப்பிடித்த ஆணி ஒன்று மணலில் நிமிர்ந்து கிடந்திருக்கிறது. காதர் வெறுங்காலோடு அதை மிதித்தார். பெரிய காயம்கூட இல்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டிக்கொண்டு, அன்று முழுக்க வேலை செய்தார். அடுத்த வாரம் தாடை வலிக்கிறது என்றார். வெற்றிலை அதிகம் போட்டுவிட்டேன் என்று அவரே காரணமும் சொன்னார். மறுநாள் வாயைத் திறக்கவே முடியவில்லை.

குதிரைவண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துரு ஆணி குத்திய புண்ணிலிருந்து வருகிற ரண ஜன்னி என்றார்கள். இருட்டறை ஒன்றில் போட்டுவைத்திருந்தார்கள். ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் உடம்பு வில்லாக வளைந்துவிடும். அதனால் என்னைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பேசவேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் கேட்கவில்லை. இறுகிய பல்லுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. நான் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்: "வெயில்ல... போட்டுடாத ஆசாரி. பலகை... வாயப் பொளந்துக்கும்."

தட்டிக்கு அந்தப் பக்கம்

காதர் இல்லாமல் படகை இறக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கொஞ்சநாள் இருந்தேன். அந்தச் சமயத்தில் கோவிந்தனை மில்லிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவன் நேராக எண்ணூர் வந்து, தண்ணீர் இறைக்கிற டப்பாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். சரி என்று கிளம்பினோம். முதல் நடையிலேயே வாடைக்காற்று ஒரு மொத்து மொத்தி, பாய் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. அந்த மாதிரிப் பாய் தைக்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் மண்ணுக்குள் இருந்தார். வேறு யாரிடம் போவது என்று விசாரிக்க, கிழிந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டு டோல்கேட் பக்கம் இருந்த காதர் வீட்டுக்குப் போனேன்.

அவர் மனைவி சைனம்பு பீவி இத்தா இருந்தார். கணவன் போனபின் அந்தச் சில மாசங்கள் வெளியே வருவதில்லை. காதரின் தம்பி வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் சொன்னதை மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சைனம்பு பீவி குரல் கொடுத்தார். "அவரு வெட்டி, சாக்குக்கட்டியில கோடு போட்டுக் குடுப்பாரு அண்ணே. தைச்சது எல்லாம் நான்தான். பட்டறையில இருந்தப்பவும் வூட்டுக்குக் கொண்டாந்தது எல்லாம் நான் தைச்சதுதான். பொம்பள தைச்ச பாயின்னா ஏறுறவங்க யோசிப்பாங்கன்னு அவரு சொல்லல."

பிறகு அவர் கேட்டார், தையலில் கிழிந்திருக்கிறதா, துணியில் கிழிந்திருக்கிறதா என்று. நான் அந்த வாசலிலேயே பாயை விரித்துப் பார்த்தேன். தையலுக்கு ஒரு சாண் தள்ளித் துணிதான் கிழிந்திருந்தது. தையலில் ஒரு நூல்கூட விடவில்லை. அதைச் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். ஆனால் குரல் தெளிவாக வந்தது: "அப்ப அது என் தப்பு இல்ல. வெச்சிட்டுப் போங்க அண்ணே, தைச்சித் தரேன்."

உப்பளத்தில்

கார்த்திகையில் ஒரு பெரிய புயல் அடித்தது. கோவிந்தன் கழுத்தளவு தண்ணீரில் நின்று இரட்டைக் கயிறு கட்டியும் பயனில்லை. விடிந்து பார்த்தபோது கொட்டகையும் இல்லை, படகும் இல்லை. குப்பத்தில் பல வீடுகளில் கூரை போயிருந்தது. கட்டுமரத்தில் போன இருவர் திரும்பவில்லை. அவர்களைத் தேடுகிற ஜனங்களுக்கு நடுவில் நாங்கள் படகைத் தேடுவது எனக்கே வெட்கமாக இருந்தது. முதலில் அவர்களோடு சேர்ந்து ஆட்களைத் தேடினோம். ஒருவர் உடல் மறுநாள் ஒதுங்கியது. இன்னொருவர் உடல் ஒதுங்கவே இல்லை.

அதற்கப்புறம்தான் எங்கள் படகு கண்ணில் பட்டது. வெள்ளம் அதைத் தூக்கி உள்ளே கொண்டுபோய், அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளத்தில் பாத்திகளுக்கு நடுவில் போட்டிருந்தது. ஒரு விலா உள்ளே இடிந்து, பாய்மரம் முறிந்து, பட்டினி கிடந்த மாடு மாதிரிக் கிடந்தது. நானும் கோவிந்தனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். விட்டுவிடலாம் என்று இருவருக்குமே தோன்றியது. சொல்ல வாய் எடுத்தபோது, தன் குடிசையும் போய்த் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு நின்ற உப்பளத்துக் காவல்காரர் முந்திக்கொண்டார்: "இன்னா பாத்துகினு கீறீங்க? உப்புல கெடந்தா மீனு கருவாடு ஆவும். படகு இன்னா ஆவும்? தூக்கினு போங்க, எனக்கு இடம் வோணும்."

பாய் பார்த்தவர்

தூக்கிக்கொண்டுதான் வந்தோம். விலாவைப் பிரித்துக் கட்டி, புதுப் பாய்மரம் நட்டேன். கோவிந்தன் நான் ஒருதடவை காட்டிக்கொடுத்ததோடு கலப்பத்து அடிக்கக் கற்றுக்கொண்டான். பாயைக் காதர் வீட்டில் கொடுத்து வாங்கினோம். காதரின் பங்கு அவர் வீட்டுக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. தை பிறந்து, இத்தாவும் முடிந்தபின், சைனம்பு பீவி, காதரின் தம்பி மூலம் சொல்லி அனுப்பினார். அவருக்குப் படகில் போகவேண்டும். இத்தனை வருஷம் எத்தனையோ பாய் தைத்துக் கொடுத்தவர், அதில் ஒன்றுகூடக் காற்றில் நிற்பதைப் பார்த்ததில்லை. தைத்ததெல்லாம் மடித்தபடியே வீட்டிலிருந்து வெளியே போய்விடும்.

ஒரு காலைப்பொழுது வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்தார். நாகம்மாள் கூடவே ஏறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரைப் பார்க்க அவருக்குப் பயம், தலை குனிந்தே இருந்தார். கோவிந்தன் கயிற்றை இழுத்தான். பாய் சுருக்கம் சுருக்கமாக மேலே ஏறி, ஒரு நிமிஷம் தொளதொளவென்று அடித்துக்கொண்டு, அப்புறம் காற்று நிறைந்து கல் மாதிரி நின்றது. படகு ஓட ஆரம்பித்தது. அவர் துப்பட்டியைக் கொஞ்சம் விலக்கி அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுக்கானைப் பார்த்தேன். நாகம்மாளின் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கழியைப் பாதி கடந்த பிறகு சைனம்பு பீவி கையை நீட்டி, பாயின் மேல்மூலையைக் காட்டிச் சொன்னார்: "அண்ணே, அந்த ஓரம் சுருங்கிகினு கீது. கரைக்குப் போனதும் அவுத்துக் குடுங்க, பிரிச்சித் தைக்கணும்."

பழைய பாய்ப்படகு வாங்க ஆசைப்படுகிற அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: முழுகாத நாளெல்லாம் லாபம் என்று நினைக்கத் தெரிந்தவர்கள் தாராளமாக வாங்கலாம், மற்றவர்கள் கரையில் நின்று கையாட்டிவிட்டு அடுத்த ரயிலில் வீட்டுக்குப் போய்விடுவது உடம்புக்கு நல்லது.